மெலிவில் நின்றவர்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு பாடலைக் கேட்டு மகிழ்ந்தவரிடம், 'அதைப் பாடியவர் யார்?' என்று வினவினால் உடனே விடை கிடைக்கும். இசையமைத்தவர் யார் என்றாலும் பெரும்பாலும் கிடைக்கும். எழுதியவர் யார் என்று வினவினால் சற்றே தயக்கம் தோன்றும். அத்தயக்கம் தரும் வலியைக் கவிஞர்கள் நிறைந்த இந்த அவை அறியும். ஆனால், 'அந்தக் குரலுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்த கனத்த தந்தியை மீட்டியவர் யார்?' என்று வினவினால், வினாவே விளங்காமல் விழிப்பவர்தாம் மிகுதி. அத்தகைய ஒருவரைப் பற்றியும், அவரோடு ஒரே அறையில் அமர்ந்து வாசித்தவர்களைப் பற்றியும், அவர்களைப் பெயர் தெரியாமலேயே போற்றிய இன்னொரு கலைஞரைப் பற்றியும் பேசுவதே இவ்வுரையின் நோக்கம்.

தமிழிசை மரபு, ஒலி நிற்கும் இடங்களை மெலிவு, சமன், வலிவு என மூன்றாகப் பகுத்துரைக்கும். மேலைநாட்டார் பேஸ் என்று வழங்குவது மெலிவில் ஒலிக்கும் பகுதியாகும். ஜாஸ் இசைக்குழுக்களில் இப்பணியை ஆளுயரத்துக்கு மேற்பட்ட டபுள் பேஸ் என்னும் கருவி ஆற்றிவந்தது. 1951 ஆம் ஆண்டில் லியோ ஃபெண்டர் என்னும் அமெரிக்கர் நான்கு தந்திகள் கொண்ட மின்சாரப் பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தோளில் மாட்டிக்கொள்ளத்தக்க இக்கருவி வந்தபின் மெல்லிசையின் அடித்தளமே மாறியது. எனினும் அதை வாசிப்பவர் மேடையின் ஓரத்தில், டிரம்ஸ் கருவிக்கு அருகில், விளக்கொளி குறைவாக விழும் இடத்தில்தான் நின்றார். மெலிவு என்னும் சொல்லின் இன்னொரு பொருளும் அவர்க்குப் பொருந்துவதாகவே இருந்தது.

பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியைப் பாடகராகவும் பாடலாசிரியராகவும் உலகம் அறியும். அவர் ஒரு பேஸ் கிட்டார்க் கலைஞர் என்பதை இசைக்கலைஞர்களே மிகுதியாக நினைவில் வைத்துள்ளனர். தம் வாசிப்பைச் செம்மைப்படுத்தியவர்கள் என அவர் குறிப்பிடுவோருள் முதன்மையானவர் இருவர். ஒருவர், பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன். மற்றவர், டெட்ராய்ட் நகரத்து ஜேம்ஸ் ஜேமர்சன். முன்னவர் புகழ்பெற்ற குழுவின் தலைவர். எனவே பெயர் தெரியும். பின்னவரின் பெயர் தமக்கு நெடுங்காலம் தெரிந்திருக்கவில்லை என்று மெக்கார்ட்னியே கூறியுள்ளார். கடல் கடந்து வந்த இசைத்தட்டுகளில் பாடகர்களின் பெயர்கள் இருந்தன. நிறுவனத்தின் பெயர் இருந்தது. அடியில் ஓடிய விரலின் பெயர் இல்லை. எனினும் ஒரு தட்டிலும் அடுத்த தட்டிலும் வாசிப்பவர் ஒருவரே என்பதை அவருடைய செவி கண்டுகொண்டது. கலைஞன் ஒருவனை அவனுடைய நடையைக் கொண்டே அடையாளம் காணும் இச்செயலைத் தமிழ் கற்றோர் நன்கு உணர்வர். ஆசிரியர் பெயரை மறைத்துக்கொண்டு ஒரு செய்யுளைப் படித்து, 'இது இன்னாருடையதாதல் வேண்டும்' என்று சொல்லிப் பார்க்கும் பயிற்சி அது.

அந்த விரலின் வரலாறு வருமாறு.

பெரி கோர்டி என்பவர் டெட்ராய்ட் நகரில் மோட்டார் வண்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஜாஸ் இசைத்தட்டுக் கடை வைத்து நட்டமடைந்தவர். 1959 ஆம் ஆண்டில் தம் குடும்பச் சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் பெற்று ஓர் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அதுவே மோட்டவுன் என்று பெயர் பெற்றது. மேற்கு கிராண்ட் பெருஞ்சாலையில் 2648 ஆம் எண்ணுள்ள ஓர் எளிய வீடு அதன் இருப்பிடம். அவ்வீட்டின் ஒரு பகுதி ஒலிப்பதிவுக் கூடமாயிற்று. கூரையிலிருந்து தொங்கிய மின்கம்பிகள் பாம்புகளைப் போல் தோன்றியதால் கலைஞர்கள் அதனைப் 'பாம்புக்குழி' என்று அழைத்தனர். கிட்டார்களும் பேஸ் கிட்டாரும் அங்கே ஒலிவாங்கியின் முன் வைக்கப்படவில்லை. பதிவுக் கருவியோடு நேரே இணைக்கப்பட்டன. எதிரொலி வேண்டுமாயின் மேல்மாடப் பரணையே எதிரொலி அறையாகப் பயன்படுத்திக்கொண்டனர்.

அக்குழிக்குள் இறங்கியவர்கள் பெரும்பாலும் இரவு விடுதிகளில் ஜாஸ் வாசித்துத் தேர்ந்தவர்கள். பியானோவில் ஏர்ல் வான் டைக். டிரம்ஸில் பென்னி பெஞ்சமின், பின்னர் யூரியல் ஜோன்ஸ், ரிச்சர்ட் ஆலன். கிட்டார்களில் ராபர்ட் வைட், எடி வில்லிஸ், ஜோ மெசினா. தாம்புரினில் ஜாக் ஆஷ்ஃபோர்ட். இவர்கள் தமக்குள் ஃபங்க் பிரதர்ஸ் என்று வழங்கிக்கொண்டனர். இந்தப் பெயரில் கடைகளில் இசைத்தட்டு எதுவும் விற்கவில்லை. டெம்ப்டேஷன்ஸ், சுப்ரீம்ஸ், ஃபோர் டாப்ஸ், ஸ்டீவி வொண்டர், மார்வின் கே என முகப்பில் எவர் பெயர் இருந்தாலும், அறுபதுகளில் டெட்ராய்ட்டில் பதிவான பாடல்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இதே கைகளே இருந்தன.

ஜேம்ஸ் ஜேமர்சன் 1936 ஆம் ஆண்டு தென் கரோலினாவில் பிறந்தவர். பதின்பருவத்தில் டெட்ராய்ட் வந்து, பள்ளியில் டபுள் பேஸ் பயின்றார். மோட்டவுனின் தொடக்கப் பாடல்களில் அப்பெருங்கருவியையே வாசித்தார். பின்னர் மின்சாரக் கருவிக்கு மாறியபோதும் டபுள் பேஸின் பழக்கங்களை விட்டுவிடவில்லை. வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றால் மட்டுமே தந்தியை மீட்டினார்; தோழர்கள் அவ்விரலைக் 'கொக்கி' என்றழைத்தனர். தடித்த தந்திகளைப் பூட்டி, அறுந்தாலன்றி மாற்றமாட்டார். தந்தியின் அடியில் நுரைப்பஞ்சு ஒரு துண்டு இருக்கும். ஒலி நீண்டு ஒலிக்காமல் தட்டென எழுந்து அடங்குவதற்கு அதுவே காரணம். அவருடைய 1962 ஆம் ஆண்டு ஃபெண்டர் கருவியைப் 'ஃபங்க் எந்திரம்' என்று குறிப்பிடுவர்.

அவர் செய்த புதுமை யாது? அவர்க்கு முன் மெல்லிசையின் பேஸ், பெரும்பாலும் ஒவ்வொரு சுரக்கூட்டின் அடிச்சுரத்தையும் ஐந்தாம் சுரத்தையும் மாறி மாறி ஒலித்து வந்தது. யாப்பில் மாச்சீரும் மாச்சீருமாக அடுக்கிச் செல்வதைப் போன்ற நடை அது. பிழையில்லை, வியப்பும் இல்லை. ஜேமர்சன் மூன்று செயல்களால் அதனை மாற்றினார்.

முதலாவது, அழுத்தத்தை இடம்பெயர்த்தது. தாளத்தின் எண்ணிக்கை விழும் இடத்தில் விழாமல், அதற்குச் சற்று முன்னரோ இரண்டு எண்ணிக்கைகளின் இடையிலோ சுரத்தை ஊன்றுவார். செய்யுளில் வகையுளி அமையும்போது சொல்லின் எல்லை ஓரிடத்திலும் சீரின் எல்லை வேறிடத்திலும் நிற்கும். படிப்பவர் இரண்டையும் ஒரே நேரத்தில் உணர்வதால் அங்கே ஓர் இழுவிசை பிறக்கும். திறனற்றவர் கையில் வகையுளி குற்றம். திறனுடையார் கையில் அதுவே உயிர்ப்பு. ஜேமர்சனின் வாசிப்பு இரண்டாம் வகை.

இரண்டாவது, முழுதாக ஒலிக்காத ஒலிகள். தந்தியை இடக்கையால் முழுதும் அழுத்தாமல் மீட்டினால் சுரம் தோன்றாது. ஒரு தட்டு மட்டும் கேட்கும். இதனைக் கலைஞர்கள் 'பேய்ச்சுரம்' எனும் பொருள்பட வழங்குவர். தமிழர்க்கு இது புதிதன்று. குற்றியலுகரம் தன் ஒரு மாத்திரையில் அரையை இழந்து நிற்கிறது. குறைந்து ஒலிப்பதனாலேயே அடுத்த சொல்லை நோக்கிச் சொற்றொடரை உந்துகிறது. ஜேமர்சனின் குறைந்த ஒலிகள் செய்வதும் அதுவே.

மூன்றாவது, அடிச்சுரத்தினின்று விலகி, இடைப்பட்ட சுரங்கள் வழியாக ஏறி இறங்கி, உரிய இடத்துக்கு உரிய நேரத்தில் வந்து சேர்வது. பேஸ் அவர் கையில் இன்னொரு பாடுங்குரலாயிற்று. 1968 இல் வெளிவந்த ஸ்டீவி வொண்டரின் 'ஃபார் ஒன்ஸ் இன் மை லைஃப்' பாடலில் அடியில் ஓடும் பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டால், ஏறத்தாழ எந்த அளவும் முன்சென்றதன் மறுபதிப்பாக இராது என்பது புலப்படும்.

இத்தனையும் தெரிந்தவர், 1964 இல் டெம்ப்டேஷன்ஸ் குழுவினர் பாடிய 'மை கேர்ள்' என்னும் பாடலின் தொடக்கத்தில் என்ன செய்தார் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மிகச் சில ஒலிகளை மட்டும், இடையில் இடைவெளி விட்டு, நெஞ்சத் துடிப்பைப் போல வாசித்தார். அதன்மேல் ராபர்ட் வைட்டின் கிட்டார் ஏறிச் செல்லும். அங்கே ஒரு சுரம் கூடுதலாக வாசித்திருந்தால் பாடல் கெட்டிருக்கும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, தண்ணுமை ஆசிரியனின் இலக்கணத்தைக் கூறுமிடத்து, பிற கருவிகளில் குறைந்த இடத்தை நிரப்பவும் மிகுந்த இடத்தை அடக்கவும் வல்லவனாதல் வேண்டும் என்ற கருத்தை வைக்கிறது. 1968 இன் நிரப்பலும் 1964 இன் அடக்கமும் ஒரே கையிலிருந்து வந்தவை. இளங்கோவடிகளின் அளவுகோலில் அக்கை தேறிவிடுகிறது.

இனி, குரூவ் என்னும் சொல்லைக் காண்போம். ஆங்கிலத்தில் இதன் நேர்ப்பொருள் வரிப்பள்ளம் என்பதாகும். இசைத்தட்டில் ஊசி ஓடும் வரியையும் அது குறிக்கும். உழவர் மொழியில் சால் எனலாம். ஏர் முதலில் கீறிய சாலின் வழியே அடுத்த சுற்று தடுமாற்றமின்றிச் செல்வதைப் போல, டிரம்ஸும் பேஸும் கீறிய சாலில் பிற கருவிகளும் குரலும் செல்கின்றன. இதனைத் தமிழில் நடை எனப் பெயர்த்தால் பொருள் பெரும்பாலும் நிறைவுறும். கால் நடப்பதும் நடை. தாளத்தின் உட்பிரிவும் நடை. எழுத்தாளரின் தனித்தன்மையும் நடையே.

நடையைத் தாளக் குறியீடாக எழுதிவிட முடியும். ஆனால் எழுதியதைப் பார்த்து வாசிப்பவரெல்லாம் அதனைப் பெறுவதில்லை. மெம்பிஸ் நகரில் ஸ்டாக்ஸ் நிறுவனத்தில் நிகழ்ந்த ஒன்று இதற்குச் சான்று. 1965 இல் வில்சன் பிக்கெட் பாடிய 'இன் த மிட்நைட் அவர்' பதிவின்போது, தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர் கூடத்துக்குள் வந்து, அந்நாளில் இளைஞர் ஆடிய ஒரு நடனத்தை ஆடிக் காட்டினார். அதன் அசைவுக்கேற்ப டிரம்ஸ் கலைஞர் அல் ஜாக்சனும், பேஸ் கலைஞர் டொனால்ட் டன்னும், கிட்டார்க் கலைஞர் ஸ்டீவ் குரோப்பரும் இரண்டாம், நான்காம் எண்ணிக்கைகளை இம்மியளவு தாமதித்து ஊன்றினர். அத்தாமதம் கடிகாரத்தால் அளக்கத்தக்க சிறு பொழுதுதான். ஆயினும் ஒருவர் தாமதித்து மற்றவர் தாமதிக்காவிடில் அது பிழையாகிவிடும். அனைவரும் ஒன்றாகத் தாமதித்தால் அது நடையாகும். நாள்தோறும் ஒரே அறையில் அமர்ந்து, ஒருவர் மூச்சை ஒருவர் அறிந்தவர்க்கே இது கைகூடும். 1969 இல் பென்னி பெஞ்சமின் மறைந்தபோது ஜேமர்சன் இழந்தது ஒரு நண்பரை மட்டுமன்று. தம் வாசிப்பின் மறுபாதியையே இழந்தார் எனலாம்.

இங்கே பெயர் பற்றிய வினா எழுகிறது. நடை அனைவர்க்கும் பொதுவாயின், தனியொருவர் பெயர் எதற்கு?

அரங்கேற்று காதை ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வொருவர் தகுதியையும் விரித்துரைக்கிறது. அவர்களுள் எவர் பெயரையும் கூறவில்லை. குறுந்தொகையிலோ வேறொரு நிலை. பாடியவர் பெயர் தெரியாதபோது, பாட்டில் ஒளிவிடும் தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்றும், அணிலாடு முன்றிலார் என்றும், ஓரேருழவனார் என்றும் வழங்கினர். இச்சான்றுகளைக் காட்டி, 'கலை நின்றால் போதும், பெயர் எதற்கு?' என்று முடிவுகட்டுவது எளிது. மேடைகளில் அவ்வாறு பேசுவதும் உண்டு. அம்முடிவு ஆராய்ச்சிக்குரியது.

தொகுத்தவர்கள் பெயரை மறைக்கவில்லை; கிடைக்காத பெயருக்கு ஈடு தேடினர். 'ஆர்' என்னும் உயர்வு விகுதி சேர்த்து, பாட்டின் மிகச் சிறந்த தொடரையே அப்புலவர்க்கு முடியாகச் சூட்டினர். அது நன்றியின் செயல். டெட்ராய்ட்டில் நிகழ்ந்தது வேறு. அங்கே பெயர்கள் அனைவர்க்கும் தெரியும். ஒவ்வொரு நாளும் கூலி பெற வந்தவர்களின் பெயர்கள் அவை. அட்டையில் அச்சிடுவதில்லை என்பது நிறுவனத்தின் வழக்கமாக இருந்தது. பிற நிறுவனங்களின் வழக்கமும் பெரும்பாலும் அதுவே. தொலைந்த பெயரும் அச்சிடாமல் விட்ட பெயரும் ஒன்றாகா.

அச்சிடாமையால் விளைந்தது என்ன? 'மை கேர்ள்' பாடலின் அந்தக் கிட்டார்த் தொடரை வாசித்த ராபர்ட் வைட், பின்னாளில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து உணவகம் ஒன்றில் அமர்ந்திருந்தபோது அப்பாடல் ஒலித்தது. உணவு பரிமாற வந்த இளைஞரிடம் அதைச் சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் உணவு மட்டும் கேட்டு நிறுத்திக்கொண்டார். சொன்னால் கிழவர் உளறுகிறார் என்று அந்த இளைஞர் நினைப்பார் எனத் தயங்கியதே காரணம். உடனிருந்த ஆலன் ஸ்லட்ஸ்கி இதனைப் பதிவு செய்துள்ளார். வைட் 1994 இல் மறைந்தார். தம் விரலில் பிறந்ததைத் தம்முடையது என்று சொல்ல ஒரு கலைஞர் கூசிய அந்த நொடியைப் 'பற்றற்ற நிலை' என்று புகழ்வது அறமாகாது.

1972 இல் மோட்டவுன் நிறுவனம் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குப் பெயர்ந்தது. அன்றைய பதிவு இல்லை என்ற அறிவிப்பைக் கூடத்தின் கதவில் கண்டே கலைஞர்கள் செய்தி அறிந்தனர் என்று அவர்களுள் சிலர் நினைவுகூர்ந்துள்ளனர். ஜேமர்சனும் அந்நகருக்குச் சென்றார். அங்கே அவருடைய அறையும் இல்லை, அவர் மூச்சை அறிந்த தோழர்களும் இல்லை. குடிப்பழக்கம் அவரைத் தின்றது. 1983 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நிறுவனத்தின் வெள்ளிவிழா நிகழ்ச்சி பாசடீனாவில் நடைபெற்றது. அவ்விழாவுக்கு அழைக்கப்படாத அவர், வெளியில் சீட்டு வாங்கி, மாடி இருக்கையில் அமர்ந்து பார்த்தார் என அவர் வரலாறு கூறுகிறது. அவ்வாண்டு ஆகஸ்டு 2 ஆம் நாள் தம் 47 ஆம் அகவையில் காலமானார். அதற்குச் சில நாட்களுக்கு முன் அவருடைய கருவியும் களவு போயிருந்தது.

பெயர் மீண்ட கதையையும் கூறுதல் கடமை. 1971 இல் வெளியான மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பின் அட்டையில் கலைஞர்களின் பெயர்கள் இடம்பெற்றன. ஜேமர்சனின் பெயர் ஒப்பற்றவர் என்ற அடைமொழியுடன் அச்சேறியது. 1989 இல் ஆலன் ஸ்லட்ஸ்கி, ஜேமர்சனின் வாழ்வையும் வாசிப்பையும் ஆராய்ந்து நூலொன்று வெளியிட்டார். அவருடைய பேஸ் வரிகளைச் செவியால் கேட்டுக் குறியீடாக எழுதிய நூல் அது. பேஸ் கலைஞர்கள் பலர் அவ்வரிகளை வாசித்துப் பதிந்த ஒலிநாடாக்களும் அதனோடு வெளிவந்தன. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கி உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த உழைப்பை அறிந்தவர்கள் இந்த உழைப்பின் தன்மையையும் உணர்வர். 2000 ஆம் ஆண்டு ராக் அண்ட் ரோல் புகழ்மன்றம் துணைக்கலைஞர்களுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கியபோது, முதலாண்டிலேயே ஜேமர்சன் சேர்க்கப்பட்டார். 2002 இல் அந்நூலின் பெயரிலேயே, எஞ்சியிருந்த கலைஞர்களை மேடையேற்றிய ஆவணப்படம் வந்தது. 2011 இல் மோட்டவுன் அருங்காட்சியகத்துக்குச் சென்ற பால் மெக்கார்ட்னி, அங்கிருந்த 1877 ஆம் ஆண்டுப் பியானோ வாசிக்க இயலாத நிலையில் இருப்பதைக் கண்டு, அதனைச் செப்பனிட உதவினார். மறு ஆண்டில் அது மீண்டும் ஒலித்தது. பெயர் அறியாமல் கேட்டுக் கற்ற செவி, பெயர் அறிந்தபின் செலுத்திய காணிக்கை என்று அதனைக் கொள்ளலாம்.

எல்லா இடத்திலும் கணக்கு இவ்வாறு தீர்ந்துவிடவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக் கூடங்களில் ஆடவரிடையே பணிபுரிந்த கேரல் கே என்னும் பெண்மணியை எடுத்துக்கொள்ளலாம். கிட்டார்க் கலைஞரான அவர், 1963 இல் ஒரு பதிவுக்குப் பேஸ் வாசிப்பவர் வராததால் அக்கருவியை ஏந்தினார். பின்னர் பல்லாயிரம் பதிவுகளில் வாசித்தார். பிரையன் வில்சனின் 1966 ஆம் ஆண்டுத் தொகுப்பான 'பெட் சவுண்ட்ஸ்' அவற்றுள் ஒன்று. எனவே மெக்கார்ட்னி வில்சனிடம் வியந்தவற்றுள் ஒரு பகுதி இப்பெண்மணியின் விரலுக்கும் உரியது. 1969 இல் அவர் எழுதிய பயிற்சி நூல் ஒரு தலைமுறைக்கே ஆசானாக விளங்கியது. மேற்கரைக் கலைஞர்களைப் பின்னாளில் 'ரெக்கிங் குரூ' என்று கூட்டாக அழைத்தபோது, அப்பெயர் தங்களுடையதன்று என்று அவர் மறுத்தார். 2025 இல் புகழ்மன்றம் அவரைத் தேர்ந்தெடுத்தபோதும் அம்மதிப்பை ஏற்க இசையவில்லை. சில மோட்டவுன் பாடல்களின் பேஸ் யாருடையது என்பது பற்றியும் கருத்து வேறுபாடுகள் எழுந்துள்ளன. அட்டையில் பெயரை எழுதாமல் விட்ட காலத்தின் வட்டி அது. எழுதாத பெயருக்காக முதுமையில் வழக்காட நேர்கிறது. பிறர் சூட்டும் பெயரை மறுக்கவும் நேர்கிறது.

அவையோரே, இசை கேட்போர்க்கும் கவிதை எழுதுவோர்க்கும் இவ்வரலாறு வைப்பவை இரண்டு செய்திகள். ஒன்று, கேட்கும் முறை. பாடலின் சொல்லையும் குரலையும் ஒருமுறை விலக்கி, மெலிவில் செல்வதை மட்டும் பின்தொடர்ந்து கேட்டால், பாடலைத் தாங்கும் கை புலப்படும். கவிதையிலும் உவமையையும் கருத்தையும் ஒருமுறை விலக்கிவிட்டு, அசைகள் எங்கே ஊன்றுகின்றன, எங்கே குறுகுகின்றன, எங்கே எதிர்பார்த்த சீர் தள்ளி விழுகிறது என்று கேட்டுப் பார்க்கலாம். சொல் சிறந்தும் நிற்காமற் போன கவிதைகள் பலவற்றில் குறை அங்கேதான் இருக்கும்.

மற்றொன்று, பெயர் எழுதும் முறை. தன் பெயரை முன்னிறுத்தாமல் பாடலுக்குப் பணிவது கலைஞன் பூணும் அறம். அவன் பெயரைத் தவறாமல் எழுதுவது மற்றவர் ஆற்ற வேண்டிய அறம். முதலாவதைக் காட்டி இரண்டாவதைத் தட்டிக்கழித்தல் தகாது. இவ்விழாவை ஒட்டி மலர் ஒன்று வெளிவர உள்ளது. அதில் கவிதை எழுதியவர் பெயர் தாமாகவே இடம்பெறும். பத்தாண்டுகளாகக் கூட்ட அழைப்பிதழ் எழுதியவர்கள், மெய்ப்புத் திருத்தியவர்கள், அச்சுக்கோத்தவர்கள், நாற்காலி பரப்பியவர்கள் பெயர்களும் ஒரு பக்கத்தில் எழுத்துப் பிழையின்றி இடம்பெறுமாயின், செம்புலப்பெயனீரார்க்குப் பெயர் தேடிய தொகுப்பாளரின் மரபில் இவ்வட்டமும் நிற்கும்.